சுவரை மூடுவதற்கு முன்: சமையலறை வேலைக்கு காண்ட்ராக்டர் பிடித்த அனுபவம்

எங்கள் சமையலறையை இரண்டு முறை இடித்துக் கட்டியிருக்கிறோம். முதல் முறை செய்த வேலை நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பியது. கதவின் கீல் பிடிப்பு விட்டுத் தொங்கியது. அப்புறம் மறுபக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க டைல்ஸை உடைத்தோம். சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயின் ஒரு மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படிக் கசிந்ததோ, தெரியவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் சேமிப்பும் அந்த வேலையில் இருந்தது.

இந்த வேலையை இப்போது ஆரம்பிக்கப் போகிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை நாங்கள் ஆள் பிடித்த விதம் இதுதான்: மூன்று பேரை வரச் சொன்னோம். மூவரும் டேப் வைத்து அளந்துகொண்டு போனார்கள். மூன்று தாளில் மூன்று தொகை வந்தது. குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தோம். அவர் பேச்சும் இதமாக இருந்தது. "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் மேடம், நீங்க சாவியை மட்டும் கொடுங்க" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை எவ்வளவு நிம்மதியாக இருந்தது! இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

அந்த மூன்று தொகைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. அலமாரி வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். எதைச் சதுர அடி என்று அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 10 அடி நீளம், இரண்டரை அடி உயரத்துக்கு மேடைக்குக் கீழ் அலமாரி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்பக்கத்தை மட்டும் அளப்பார்: 25 சதுர அடி. இன்னொருவர் பக்கவாட்டுப் பலகை, உள்தட்டு, அடிப்பலகை, கதவு என்று போட்ட பலகை அத்தனையையும் கூட்டுவார். அதே அலமாரி இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். ஒரு சதுர அடிக்கு இரண்டாமவர் சொன்ன விலை குறைவாகத் தெரியும், கடைசியில் வருகிற பில் பெரிதாக இருக்கும். எங்களுக்கு நடந்தது அதேதான். எதை அளந்து, எதோடு பெருக்குகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இழுப்பறைகளும் உள்ளே வைக்கும் கம்பிக் கூடைகளும் அந்தக் கணக்கில் சேருமா, தனியா என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

அதனால் இரண்டாவது முறை, யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே நானே ஒரு பட்டியல் எழுதினேன். எட்டுப் பக்கம் வந்தது. எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், என்ன கீல், எத்தனை ப்ளக் பாயின்ட், சிங்க்கின் அளவு, குழாயின் மாடல், இடித்த குப்பையை யார் அள்ளிப் போவது, வேலை முடிந்தபின் யார் கழுவுவது என்பது வரை எழுதினேன். அதே பட்டியலை நான்கு பேரிடம் கொடுத்து விலை கேட்டேன். இந்த முறை தொகைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒருவர் மட்டும் வெகுவாகக் குறைத்திருந்தார். பட்டியலோடு ஒத்துப் பார்த்தபோது, மின்சார வேலை முழுவதையும் அவர் விட்டிருந்தார். கேட்டால், "அது எக்ஸ்ட்ரா" என்றார்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் முதல் முறை ஏமாந்தது அதில்தான். பேச்சில் எல்லாருமே 'வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்' என்றுதான் சொல்கிறார்கள். எம்.ஆர். என்று முத்திரை போட்ட ப்ளைவுட் காற்றிலிருக்கும் ஈரத்தைத்தான் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. சிங்க்குக்குக் கீழே பி.டபிள்யூ.பி. வகைதான் போட வேண்டும். அதில் அடுக்குகளை ஒட்டும் பசை வேறு, கொதிக்கும் தண்ணீரிலும் விடாது. மரத்தூளை அழுத்திச் செய்த துகள் பலகையும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் தண்ணீர் பட்டால் ஓரத்திலிருந்து உப்பும். உப்பியது மறுபடி அமுங்காது, ஸ்க்ரூவும் பிடிக்காது. எங்கள் பழைய அலமாரியைப் பிரித்தபோது மேலே அழகான மைக்கா, உள்ளே துகள் பலகை. பில்லில் ப்ளைவுட் என்று எழுதியிருந்தது. இரண்டாவது முறை, வந்திறங்கிய பலகையில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டிலேயே பாத்திரத்தில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வைத்தேன். அடுக்கு பிரியவில்லை. காண்ட்ராக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டேதான் செய்தேன். "நல்லா பாருங்க மேடம், காசு உங்களோடது" என்று மட்டும் சொன்னார்.

அந்த நால்வரில் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர் கேட்ட கேள்விகள். மற்ற மூவரும் அளந்தார்கள், தங்கள் போனில் படங்கள் காட்டினார்கள், போனார்கள். இவர் முதலில் கேட்டது, "யார் அதிக நேரம் சமைப்பீங்க?" என்பதுதான். அம்மா என்றேன். அம்மாவை வரச் சொல்லி, மேடை முன்னால் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். மேடை அந்த முழங்கையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்து இருக்க வேண்டுமாம். பழைய மேடை அம்மாவுக்கு அதைவிட உயரம். நான்கு வருடமாகத் தோளை உயர்த்தி உயர்த்தி வேலை செய்திருக்கிறார், தோள்வலிக்கு வயது என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அடுப்பு இருக்கும் பக்கத்தை அம்மாவுக்கு ஏற்ப வைத்தோம். பாத்திரம் துலக்குவது பெரும்பாலும் நான் என்பதால் சிங்க் பக்கத்தைச் சற்று உயர்த்தினோம். தொட்டிக்குள் கை இறங்கும் ஆழத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். இடக்கைப் பழக்கம் யாருக்காவது உண்டா, பெரிய பாத்திரங்கள் எத்தனை, குப்பைத்தொட்டி எங்கே வரும், இப்போதைய சமையலறையில் எது உங்களைத் தினமும் எரிச்சல்படுத்துகிறது என்றெல்லாம் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு அம்மா அரை மணி நேரம் பதில் சொன்னார். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

செய்த வேலையைக் காட்டச் சொன்னால் எல்லாரும் போன மாதம் முடித்த வீட்டைத்தான் காட்டுவார்கள். புதிதாக இருக்கும்போது எந்தச் சமையலறையும் பளபளவென்றுதான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் முடித்த ஒரு வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் மழுப்பினார்கள். இவர் இரண்டு வீடுகளுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்காரர் அனுமதியோடு சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தேன். பூஞ்சை வாடை இல்லை, பலகையின் ஓரம் உப்பவில்லை. இழுப்பறையைப் பாரத்தோடு இழுத்துப் பார்த்தேன். அப்புறம் வீட்டுக்காரரிடம் தனியாக, "வேலை முடிஞ்சப்புறம் ஏதாவது கோளாறுன்னு கூப்பிட்டா வந்தாரா?" என்று கேட்டேன். ஒருவர், "ரெண்டு தடவை கூப்பிடணும், ஆனா வருவார்" என்றார். அந்த நேர்மையான பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாக நின்றது பணம் கொடுக்கும் படிகளில். முதல் முறை பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். பணம் கைக்குப் போனபின் ஆட்கள் வருவது குறைந்தது, கேட்டால் "நாளைக்கு" என்றே பதில் வந்தது. பாதி இடித்த வீட்டோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு எந்தப் பலமும் கிடையாது. இந்த முறை அட்வான்ஸ் 15 சதவீதம். இடித்து, குழாயும் வயரும் போட்டு, நான் பார்த்து ஒப்புக்கொண்டபின் அடுத்த தவணை. பூச்சும் டைல்ஸும் முடிந்தபின் ஒன்று. அலமாரிப் பெட்டிகள் சுவரில் ஏறியபின் ஒன்று. கதவு, மேடைக்கல், குழாய் எல்லாம் பொருத்தியபின் ஒன்று. கடைசி 10 சதவீதம், நாங்கள் உள்ளே போய் 30 நாள் சமைத்த பிறகு. தேதியைச் சொல்லாமல், முடிந்த வேலையைச் சொல்லித் தவணையைப் பிரித்தோம். அவரும் ஒன்று கேட்டார்: ஒவ்வொரு படியும் முடிந்த இரண்டு நாளுக்குள் பணம் வர வேண்டும், ஆட்களுக்கு அவர் வாரக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது என்று. நியாயம்தான். ஒரு தவணைகூடத் தாமதிக்காமல் கொடுத்தோம். வேலை நிற்காமல் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கிற பகுதிக்கு வருகிறேன். சமையலறையில் தவறினால் அதிகம் வலிக்கிற வேலையெல்லாம் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போய் மறைந்துவிடுகிறது. டைல்ஸ் ஒட்டியபின் அதைப் பார்க்க வழியே இல்லை. முதல் முறை குழாய் போட்ட அன்று நான் வீட்டில் இல்லை. மறுநாளே பூசிவிட்டார்கள். மூட்டுச் சரியாக ஒட்டியதா என்று யாரும் சோதிக்கவில்லை.

இரண்டாவது முறை, "சுவரை மூடுவதற்கு முன் எனக்குச் சொல்ல வேண்டும், நான் பார்த்தபின்தான் பூச்சு" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். அந்த நாளுக்கு விடுப்பு எடுத்தேன். பிளம்பர் குழாய் வாய்களை எல்லாம் அடைத்துவிட்டு, கைப் பம்பை மாட்டி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினார். மீட்டரின் முள் நிற்கிற இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது முள் இறங்கியிருந்தது. தேடினால், முழங்கை போல வளைந்த ஒரு குழாய் மூட்டில் நூல் போல் ஈரம். அதை வெட்டி மாற்றி மறுபடி ஏற்றினோம். இந்த முறை முள் அசையவில்லை. அந்த ஒரு மூட்டு அப்படியே சுவருக்குள் போயிருந்தால், இன்னும் சில வருடத்தில் மூன்றாவது முறையும் உடைத்திருப்போம்.

கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் முக்கியம். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் இருக்க வேண்டும். பழைய குழாய் கிட்டத்தட்டச் சமமாகக் கிடந்திருக்கிறது, அதனால்தான் அடிக்கடி அடைத்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் நமக்கே தெரிந்துவிடும். சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று வரும், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கும். அது இல்லாமல் நேரே குழாயை இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மின்சாரத்தில் நாங்கள் முதலில் செய்த தவறு, இருக்கிற ஒரே லைனில் எல்லாவற்றையும் மாட்டியது. 230 வோல்ட்டில் ஒரு 3000 வாட் மின் அடுப்பு தனியாகவே 13 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கெட்டிலும் மிக்சியும் சேர்ந்தால் வயர் சூடாகும், ட்ரிப் ஆகும். இந்த முறை பெரிய சாதனங்களுக்குத் தனித்தனி லைன், ஃப்ரிட்ஜுக்குத் தனி. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போர்டில் வைத்தோம். ஈரக் கையோடு புழங்குகிற அறை, அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ப்ளக் பாயின்ட்களைச் சிங்க்குக்கு நேர் மேலேயும் அடுப்புக்கு நேர் பின்னாலேயும் வைக்க விடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்ததும், பூச்சு போடுவதற்கு முந்தின நாள் மாலை, டேப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தேன். தரையிலிருந்து எத்தனை உயரத்தில் குழாய் போகிறது, மூலையிலிருந்து எத்தனை தூரத்தில் வயர் இறங்குகிறது என்பது படத்திலேயே தெரிகிற மாதிரி. மொத்தம் முப்பது நாற்பது படங்கள். காண்ட்ராக்டருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

மேடைக்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிங்க்கும் அடுப்பும் கைக்கு வந்து சேராமல் கல்லை வெட்ட விடவே கூடாது. முதல் காண்ட்ராக்டர், "எல்லாம் ஒரே சைஸ்தான் மேடம்" என்று வெட்டிவிட்டார். வாங்கிய அடுப்பு உட்காரவில்லை. மறுபடி அறுத்ததில் மூலையில் கீறல் விழுந்தது. அலமாரிப் பெட்டிகள் மட்டம் பார்த்து நின்றபின்தான் கல்லுக்கு அளவெடுக்க வேண்டும், முன்னாலேயே எடுத்த அளவு நிச்சயம் மாறும். கல்லின் இணைப்பு சிங்க் வெட்டின் மேல் வரக்கூடாது. இன்னொன்று: மேடையின் முன்விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சின்னக் காடி, அதாவது பள்ளமான கோடு, போடச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் காடியிலேயே சொட்டிக் கீழே விழுந்துவிடும், கல்லின் அடிப்பக்கமாக ஊர்ந்து கதவுப் பலகைக்குப் போகாது. கல்லறுப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. எங்கள் பழைய கதவுகள் மேல்விளிம்பில் கருத்ததற்குக் காரணம் அந்தக் காடி இல்லாததுதான். பளிங்கு வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. புளிப்பான எது சிந்தினாலும் பளிங்கு அரித்துத் தடம் விழும் என்பதால் வேண்டாம் என்று கருங்கல்லுக்கே போனோம்.

டைல்ஸ் ஒட்டியபின் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை, பின்னால் கழன்றுவிடும். பத்துச் சதவீதம் அதிகமாக, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த லாட்டில் நிறம் லேசாக மாறும்.

வேலை நடக்கும்போது மனசு மாறத்தான் செய்யும். சுவரில் ஒரு தட்டு கூட, ஒரு விளக்கு கூட என்று எனக்கும் தோன்றியது. முதல் முறை அப்படி வாய்வார்த்தையாகக் கேட்டதெல்லாம் கடைசி பில்லில் நாங்கள் எதிர்பார்க்காத தொகையாக வந்தது. எதை ஒப்புக்கொண்டோம், எதை இல்லை என்று இருவருக்குமே நிரூபிக்க வழியில்லை. இந்த முறை சுவரில் ஒரு நோட்டு தொங்கியது. மாற்றம், அதற்கான தொகை, அதனால் எத்தனை நாள் கூடும், இருவர் கையெழுத்து. எழுதும்போதே பாதி ஆசைகள் தேவையில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதே போல, கொத்தனாரிடமோ ஆசாரியிடமோ நேரே போய் இதை மாற்றுங்கள் என்று சொல்வதை நிறுத்தினேன். அவர்களுக்கு வேலை சொல்கிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்குப் பொறுப்பேற்க ஆளே இருக்காது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கும் காண்ட்ராக்டருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரை அரை உயரத்துக்கு எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். "இது பாரம் தாங்குற சுவரான்னு இன்ஜினீயர் வந்து பாத்து எழுதிக் கொடுக்காம நான் சுத்தியல் வைக்க மாட்டேன்" என்றார். எனக்கு அப்போது அது தேவையில்லாத தாமதமாகப் பட்டது. இன்ஜினீயர் வந்து பார்த்தார், அந்தச் சுவரின் மேல்தான் உத்திரம் உட்கார்ந்திருந்தது. சுவர் அப்படியே இருக்கிறது.

ஆறு வாரம் என்று பேசியது எட்டு வாரம் ஆனது. ஒரு வாரம் அலமாரிக் கதவுகள் தாமதம், ஒரு வாரம் பூச்சு காய்வதற்கு. காயட்டும் என்று அவர் சொன்னபோது அவசரப்படுத்தவில்லை. அதுவரை ஓர் அறையின் மூலையில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமாளித்தோம். கடைசி நாளில் நானும் அவரும் நோட்டோடு சுற்றி வந்து குறைகளை எழுதினோம். ஒரு கதவு உரசியது, ஓர் இழுப்பறை முழுதாக மூடவில்லை, சிங்க்கைச் சுற்றிய சிலிக்கான் ஓரிடத்தில் விட்டிருந்தது. மொத்தம் பதினொன்று. 30 நாள் முடிவதற்குள் பதினொன்றையும் சரிசெய்தார், 30 நாள் முடிந்த அன்றே கடைசி 10 சதவீதத்தையும் கொடுத்தோம். தன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா என்னிடம் கேட்டு வாங்கி அவரிடம் கொடுத்தார்.

போன மாதம் கரண்டிகள் மாட்ட அடுப்புப் பக்கச் சுவரில் ஒரு கம்பி அடிக்க வேண்டியிருந்தது. ட்ரில் மெஷினோடு வந்தவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளிக் குறி வைத்தார். போனில் பழைய படத்தைத் திறந்து, டேப்பை அதே மூலையில் வைத்துப் பார்த்தேன். குறிக்கு நேர் பின்னால் தண்ணீர்க் குழாய். "நாலு விரல் தள்ளிப் போடுங்க அண்ணா" என்றேன்.